பெயரைப் பார்த்து ஏமாறலாமா?



பாடசாலை விட்டு வந்த பிள்ளை விஞ்ஞானப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு நேரே குசினிக்கு வந்து விடுகிறது. “உம்மா, வௌவால் பறவையா, மிருகமா?” என்று கேட்கிறது. அடுப்பில் கறி கொதிக்கிறது; தொட்டிலில் கைக்குழந்தை அழுகிறது. “பறக்கிறதெல்லாம் பறவைதான் மகன், போய்ப் படியுங்க” என்று சொல்லி அனுப்பி விடுகிறோம். பிள்ளையும் அப்படியே எழுதிக்கொண்டு போகிறது. மறுநாள் ஆசிரியர் சிவப்பு மையால் கோடு கீறி விடுகிறார்.

சாதாரண தர விஞ்ஞானப் பாடத்திலே விலங்குகளை வகைப்படுத்தும் பகுதி வருகிறது. பிள்ளைகள் அதைப் பெயர்ப் பட்டியலாக மனனம் செய்கிறார்கள். பரீட்சை முடிந்ததும் மறந்து விடுகிறார்கள். ஆனால் இது பரீட்சையோடு முடிகிற பாடமா? வன்னியிலே வாழ்கிற குடும்பங்களுக்கு இது முற்றத்துப் பாடம், குளக்கட்டுப் பாடம், மீன் வாடிப் பாடம். சில வேளைகளில் உயிர் காக்கும் பாடமும்கூட.

1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, முல்லைத்தீவின் தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி போன்ற ஊர்களை விட்டு வந்தவர்கள் வீடு வாசலை மட்டுமா விட்டு வந்தார்கள்? காட்டோரத்தில் வாழ்ந்து பழகிய அறிவையும் அங்கேயே விட்டு வந்தார்கள். எந்தப் புற்றில் கை வைக்கக் கூடாது, மாரிக்கு எது வீட்டுக்குள் வரும், வலையில் ஏறியது விலாங்கா பாம்பா என்பதெல்லாம் உம்மம்மாவுக்குத் தெரிந்திருந்தன. புத்தளம் அகதி முகாம்களில் பிறந்து வளர்ந்த மகளுக்கு அதைக் காட்டிக் கொடுக்க அந்தக் காடும் குளமும் பக்கத்தில் இருக்கவில்லை. 2009இல் யுத்தம் முடிந்த பின்னர் திரும்பி வந்து குடியேறிய தாய்மார் பலர், தங்கள் பிள்ளைகளோடு சேர்ந்து தாங்களும் இதைப் புதிதாகப் படிக்க வேண்டியிருக்கிறது. அந்தத் தாய்மாரை மனதில் வைத்தே இம்மாதப் பக்கத்தை எழுதுகிறேன்.

சொல்ல வருவது ஒரே விடயம்தான். பெயர் மனிதன் வைத்தது. அமைப்பு அல்லாஹ் வைத்தது. பெயர் பல நேரம் ஏமாற்றும். ஆகவே ஓர் உயிரினம் எந்த இனத்தைச் சேர்ந்தது என்று அறிய, அதன் பெயரைக் கேட்காமல் அமைப்பைப் பாருங்கள்.

முதல் கேள்வி: முள்ளந்தண்டு உண்டா?

விலங்குகளைப் பிரிக்கும்போது முதலில் கேட்க வேண்டியது இதுதான். முதுகிலே தொடராகக் கோத்த எலும்பு இருந்தால் அது முள்ளந்தண்டுளி. இல்லாவிட்டால் முள்ளந்தண்டிலி. மீன், தவளை, பாம்பு, பறவை, பசு, மனிதன் எல்லாரும் முதல் கூட்டம். புழு, பூச்சி, நத்தை, நண்டு எல்லாம் இரண்டாவது கூட்டம்.

நாம் ‘விலங்கு’ என்றவுடன் ஆடு, மாடு, யானை என்று முதல் கூட்டத்தையே நினைக்கிறோம். ஆனால் இதுவரை விஞ்ஞானிகள் பெயரிட்ட விலங்கினங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேல் முள்ளந்தண்டிலிகளே. அவற்றிலும் மிகப் பெரிய பங்கு பூச்சிகளுக்கு.

வீட்டுத் தோட்டத்திலிருந்தே ஓர் உதாரணம். பாத்தி கிளறும்போது மண்புழுவும் வரும். அதே அளவில், கறுத்து மெலிந்த புழுப் பாம்பும் வரும். இரண்டும் மண்ணுக்குள் வாழ்வன. இரண்டும் கால் இல்லாதவை. மண்புழுவின் உடல் ஈரமாக, வளையம் வளையமாக இருக்கும். உள்ளே எலும்பு கிடையாது. புழுப் பாம்புக்கோ மினுங்கும் உலர்ந்த செதில் உண்டு. உள்ளே முள்ளந்தண்டு உண்டு. கூர்ந்து பார்த்தால் சிறிய நாக்கை நீட்டுவதும் தெரியும். அது காதுக்குள் புகுந்து விடும் என்று பயந்து அடிக்கிறோம். பாவம், அதற்கு விஷமே கிடையாது. எறும்பு, கறையான்களின் முட்டையையும் குஞ்சையும் தின்று நமக்கு நன்மையே செய்கிறது.

அட்டை மூன்று, இனமும் மூன்று

பெயர் எப்படி ஏமாற்றும் என்பதற்கு ‘அட்டை’யை விடச் சிறந்த உதாரணம் வேண்டியதில்லை.

குளத்தில் இறங்கினால் காலைக் கவ்வி இரத்தம் குடிக்கும் அட்டை ஒன்று. மழை பெய்தால் சுவரோரம் ஊர்ந்து, தொட்டால் சுருண்டு கொள்ளும் மரவட்டை இன்னொன்று. பூநகரி, கிராஞ்சிக் கரைகளில் பண்ணை வைத்து வளர்க்கிறார்களே, அந்தக் கடலட்டை மூன்றாவது. பெயர் ஒன்றாக இருப்பதால் மூன்றும் சொந்தக்காரர் என்று நினைத்து விடாதீர்கள்.

இரத்தம் குடிக்கும் அட்டை மண்புழுவின் உறவு. உடல் முழுவதும் வளையங்கள், கால் இல்லை, எலும்பு இல்லை. இந்தக் கூட்டத்துக்குப் புத்தகத்தில் ‘அனெலிடா’ என்று பெயர்.

மரவட்டைக்குக் கால்கள் உண்டு, அதுவும் மூட்டு வைத்த கால்கள். உடலின் மேலே கடினமான ஓடு உண்டு. இது பூச்சி, நண்டு, தேள் ஆகியவற்றின் கூட்டம். ‘ஆத்திரப்போடா’ என்பார்கள், மூட்டுக்காலிகள் என்று பொருள்.

கடலட்டையோ நட்சத்திர மீனுக்கும் கடல் முள்ளிக்கும் உறவு. இக்கூட்டத்தவரின் உடல் ஐந்து பங்காக அமைந்தது. நட்சத்திர மீனின் ஐந்து கைகளில் அது வெளிப்படையாகத் தெரியும். கடலட்டையில் உடல் நீண்டு போனதால் மறைந்திருக்கும்; ஆனாலும் உடலின் நீளவாட்டில் ஐந்து வரிசைகளாக அதன் உள்ளமைப்பு இருக்கும். சிறிய குழாய் போன்ற பாதங்களால் நகரும். ‘எக்கைனோடேமேற்றா’ என்ற நீண்ட பெயர் இக்கூட்டத்துக்குத்தான். பிள்ளை இந்தப் பெயரை மறந்தாலும் பரவாயில்லை. கடலட்டை இரத்தம் குடிக்கும் அட்டையல்ல என்பதை மறக்காமல் இருந்தால் போதும்.

கால்களை எண்ணச் சொல்லுங்கள்

மூட்டுக்காலிகளை அடையாளம் காண்பது சிறு பிள்ளைகளுக்கு விளையாட்டு மாதிரி. கால்களை எண்ணச் சொல்லுங்கள்.

ஆறு கால், தலை, நெஞ்சு, வயிறு என்று மூன்று பகுதி உடல் என்றால் அது பூச்சி. எறும்பு, தேனீ, நுளம்பு, கரப்பான் எல்லாம் இதற்குள் அடங்கும். எட்டுக் கால் என்றால் சிலந்தியும் தேளும். ஆகவே சிலந்தி பூச்சியல்ல; ‘சிலந்திப் பூச்சி’ என்று நாம் சொல்வது பேச்சு வழக்கு மட்டுமே. பத்துக் கால் என்றால் இறாலும் நண்டும். நண்டின் இரண்டு கவ்விகளையும் சேர்த்து எண்ண வேண்டும். உடல் நீளத்துக்குக் கால் இருந்தால், ஒரு துண்டத்துக்கு ஒரு சோடிக் கால் உள்ளது மட்டத்தேள். பெரும்பாலான துண்டங்களில் இரண்டு சோடிக் கால் உள்ளது மரவட்டை.

இந்த வித்தியாசம் வீட்டுக்குப் பயன்படும். மட்டத்தேள் வேட்டையாடும் பிராணி; விஷக் கவ்வியால் கடித்தால் கடும் வலி. மரவட்டை உக்கிய இலையைத் தின்று வாழும் சாதுவான பிராணி, கடிக்காது. ஆனால் அதன் உடலில் இருந்து வடியும் நீர் கண்ணில் பட்டால் எரியும். ஆகவே தொட்ட பிள்ளை கை கழுவ வேண்டும்.

இக்கூட்டம் முழுவதற்கும் பொதுவான இன்னுமோர் அடையாளம், எலும்பு வெளியே இருப்பது. உடல் வளரும்போது அந்த ஓடு வளராது. ஆகவே பழைய சட்டையைக் கழற்றி விட்டுப் புதியதைப் போடுவது போல, அவ்வப்போது ஓட்டைக் கழற்றும். சந்தையில் சில நாட்களில் ஓடு மெத்தென்ற நண்டு கிடைக்கிறதல்லவா? அது ஓடு கழற்றிப் புதிது இறுகுவதற்கு முன் பிடிபட்ட நண்டு.

எறும்பு, தேனீ, சிலந்தி மூன்றின் பெயரிலும் அல்குர்ஆனில் அத்தியாயங்கள் இருப்பதை நீங்கள் அறிவீர்கள். மூன்றும் மூட்டுக்காலிகள். மனிதன் மிதித்து விட்டுப் போகும் சின்னஞ்சிறு உயிர்களை அல்லாஹ் பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருக்க, நாம் அவற்றின் கால்களையாவது எண்ணிப் பார்க்க வேண்டாமா?

மீன் என்று சொல்லப்படுபவை எல்லாம் மீனா?

இனி மீன் வாடிக்குப் போவோம். உண்மையான மீனுக்கு அடையாளம் மூன்று: முள்ளந்தண்டு, பூ எனப்படும் செவுள், செட்டை. மூன்றும் இருந்தால் அது மீன்.

நட்சத்திர மீனுக்கு முள்ளந்தண்டு இல்லை. ஜெலி மீனுக்கு எலும்பும் இல்லை, மூளையும் இல்லை. அது கொட்டும் கலங்களைக் கொண்ட ‘நிடாரியா’ கூட்டம், பவளத்தின் உறவு. கணவாயை மீனோடு சேர்த்துத்தான் விற்கிறார்கள். ஆனால் அது நத்தை, மட்டி, சிப்பியின் கூட்டம். ‘மொலஸ்கா’ என்ற இக்கூட்டத்தின் அடையாளம் மென்மையான உடல். பெரும்பாலும் அதற்கொரு ஓடு. கணவாயைத் துப்புரவு செய்யும்போது உள்ளிருந்து வெள்ளையாக ஓர் ஓடு எடுக்கிறீர்களே, நத்தைக்கு வெளியே உள்ள ஓடுதான் கணவாய்க்கு உள்ளே போயிருக்கிறது.

மறுபக்கம், மீன் போலத் தோன்றாத மீன்களும் உண்டு. கடற்குதிரைக்குக் குதிரைத் தலை. ஆனாலும் செவுளும் செட்டையும் உண்டு, அது மீன். விலாங்கு பாம்பு மாதிரி நெளியும், அதுவும் மீன். இங்கேதான் கவனம் வேண்டும். கடற்பாம்பும் வலையில் ஏறும். விலாங்குக்குச் செதில் வெளியே தெரியாது, தோல் வழுவழுப்பாக இருக்கும், முதுகில் நீளச் செட்டை இருக்கும். கடற்பாம்புக்கு உடலெல்லாம் செதில் தெரியும், செட்டை இருக்காது, வால் துடுப்பு மாதிரித் தட்டையாக இருக்கும். அது நுரையீரலால் மூச்சு விடும் பாம்பு; கடும் விஷமுள்ளது. கரைவலை இழுக்கும் இடத்தில் பிள்ளைகள் நின்றால் இந்த வித்தியாசத்தைச் சொல்லி வையுங்கள். சந்தேகம் இருந்தால் கை வைக்காதிருப்பதே புத்தி.

பிள்ளை பெற்ற தாய்க்குப் பால் சுரக்கவென்று பால்சுறா சமைத்துக் கொடுப்பது நம் வீடுகளில் பழக்கம். பெயரில் பால் இருக்கிறது. ஆனால் பால்சுறா தன் குட்டிக்குப் பால் கொடுப்பதில்லை. குட்டி போடுவது உண்மை. என்றாலும் பால் சுரப்பிகள் கிடையாது. செவுளால்தான் மூச்சு விடுகிறது. எலும்பு குருத்தெலும்பாக மென்மையாக இருந்தாலும் அது மீனே, திருக்கையும் அப்படித்தான். இதிலிருந்து ஒரு விதியைக் கற்றுக்கொள்ளுங்கள்: குட்டி போடுவதை மட்டும் வைத்து முலையூட்டி என்று முடிவு செய்யக் கூடாது.

ஈரத் தோலும் உலர்ந்த செதிலும்

மாரி தொடங்கியதும் வயலும் குளமும் தவளைச் சத்தத்தால் நிறைந்து விடும். தவளையும் தேரையும் ஈரூடகவாழிகள். இளமையில் வாற்பேத்தையாக நீரிலே செவுளால் மூச்சு விடும். வளர்ந்த பின் நுரையீரலாலும் ஈரத் தோலாலும் மூச்சு விடும். செதில் இல்லை. முட்டைக்கு ஓடு இல்லை. பசை போன்ற கூழுக்குள் இருக்கும். தோல் வழியாகவே நீரும் காற்றும் போவதால், வயலுக்கு அடிக்கும் கிருமிநாசினியும் அதே வழியாக உள்ளே போய் விடும். தவளைச் சத்தம் குறைந்த வயலைக் கண்டால் யோசிக்க வேண்டும். ஒரு வைத்தியர் மருந்துக்காகத் தவளையைக் கொல்வது பற்றிக் கேட்டபோது நபி (ஸல்) அவர்கள் தடுத்த செய்தி ஹதீஸில் வந்திருக்கிறது.

பாம்பு, பல்லி, ஓணான், ஆமை, முதலை ஆகியவை நகருயிர்கள். இவற்றின் தோல் உலர்ந்து, செதிலால் மூடப்பட்டிருக்கும். பிறந்த நாளிலிருந்தே நுரையீரலால் மூச்சு. முட்டைக்கு உறை உண்டு. அதைத் தரையிலேதான் இட வேண்டும். ஆயுள் முழுவதும் கடலில் நீந்தும் கடலாமைகூட முட்டையிடக் கரைக்கு ஏறி வருவது இதனால்தான். உலகில் உள்ள 7 வகைக் கடலாமைகளில் 5 வகை இலங்கைக் கரைகளுக்கு முட்டையிட வருகின்றன.

அரணையைக் கண்டால் கடித்தவுடன் மரணம் என்று அலறுகிறோம். அரணை ஒரு சாதுவான நகருயிர். நம் நாட்டிலுள்ள பல்லி, அரணை, ஓணான் எதற்குமே விஷம் கிடையாது.

விஷம் உள்ளது பாம்புகளில், அதுவும் சிலவற்றிலே. இங்கும் பெயர் ஏமாற்றும். கண்ணாடி விரியன், கட்டுவிரியன் என்று இரண்டுக்கும் ‘விரியன்’ என்றே பெயர். ஆனால் இரண்டும் வெவ்வேறு குடும்பம். நம்மவர் புடையன் என்று சொல்லும் கண்ணாடி விரியன் தடித்த உடலும் முக்கோணத் தலையும் கொண்டது, குட்டி போடும், அதன் விஷம் முக்கியமாக இரத்தம் உறைவதைக் கெடுக்கும், சிறுநீரகத்தையும் தாக்கும். கட்டுவிரியன் மெலிந்து கறுத்து, வெள்ளை வளையம் போட்டது, முட்டையிடும், நாகத்தின் குடும்பம், அதன் விஷம் நரம்பைத் தாக்கும்.

கட்டுவிரியன் இரவிலே திரியும். தரையில் பாய் விரித்துப் படுப்பவரைத் தூக்கத்திலேயே கடித்து விடும். கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ பெரிதாக இருக்காது. விடியும் நேரத்தில் வயிற்று வலி, கண் இமை தூக்க முடியாமை, பேச்சுக் குழறல் என்று தொடங்கும். “வயிற்றுக் குத்துத்தானே” என்று கசாயம் வைத்துக் கொடுத்து நேரத்தைப் போக்கினால் உயிருக்கே ஆபத்து. தரையில் படுத்தெழுந்த பிள்ளைக்கு இந்தக் குறிகள் கண்டால் உடனே அரச வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள்.

எந்தப் பாம்பு கடித்தாலும் கடித்த இடத்தைக் கீறாதீர்கள்; உறிஞ்சாதீர்கள்; இறுக்கிக் கட்டாதீர்கள். கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து விரைவாகக் கொண்டு செல்லுங்கள். பாம்பைத் தேடி அடித்துக் கொண்டு வரவும் வேண்டாம். கட்டுவிரியனைப் போலவே வளையம் போட்ட, விஷமில்லாத பாம்பும் உண்டு. “இது விஷமில்லாதது” என்று நாமே தீர்ப்புச் சொல்லி வீட்டில் இருத்தி வைப்பது மிகவும் ஆபத்து. இரவில் பாயை விட்டுக் கட்டிலும், நன்றாகச் செருகிய நுளம்பு வலையும், வெளியே போகும்போது கையில் டோர்ச்சும் இருந்தால் பெரும் பாதுகாப்பு.

இறகும் பாலும்

பறவைக்கு ஒரே அடையாளம் போதும்: இறகு. இன்றைய உயிர்களில் இறகுள்ளது பறவை மட்டுமே. இறகில்லாத பறவை இனமும் இல்லை. பறப்பது அடையாளமாகாது. தீக்கோழி பறக்காது, ஆனாலும் பறவை. சுண்டிக்குளக் கடல்நீரேரிக்குக் கூட்டமாக வரும் பூநாரை முதல் முற்றத்துக் கோழி வரை எல்லாவற்றுக்கும் இறகு, சொண்டு, ஓடுள்ள முட்டை உண்டு. சுண்டிக்குளம் 1938இலேயே பறவைகள் சரணாலயமாக்கப்பட்ட இடம். 2015இல் தேசிய பூங்காவாக உயர்த்தப்பட்டது. பிள்ளைகளை ஒரு நாள் கூட்டிப் போய்க் காட்டலாம்.

முலையூட்டிக்கு அடையாளம் இரண்டு: உரோமமும், குட்டிக்குக் கொடுக்கும் தாய்ப்பாலும். இப்போது பிள்ளையின் கேள்விக்கு வருவோம். குளக்கட்டு மருத மரத்தில் தலைகீழாகத் தொங்கும் வௌவாலுக்கு இறகு உண்டா? இல்லை, அது நீண்ட விரல்களுக்கு இடையே இழுத்துக் கட்டிய தோல். உடலில் உரோமம் உண்டு, பல் உண்டு, காது மடல் உண்டு. குட்டி ஈன்று பால் கொடுக்கிறது. அப்படியானால் அது முலையூட்டி.

எகிப்து நாட்டு அறிஞர் இமாம் தமீரி (மறைவு 1405) விலங்குகளைப் பற்றி ‘ஹயாத்துல் ஹயவான்’ என்ற பெரு நூலை எழுதினார். அதில் வௌவாலுக்குக் காதும் பல்லும் இருப்பதையும், அது குட்டிக்குப் பாலூட்டுவதையும், இறகில்லாததையும் காட்டி, அது பறவை இனமல்ல என்று குறித்திருக்கிறார். சுவீடன் நாட்டு லின்னேயஸ் 1735இல் தாம் வெளியிட்ட நூலில் திமிங்கிலத்தை மீன்களோடு சேர்த்து வைத்தார். 1758ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் அதை முலையூட்டிகளோடு சேர்த்தார். பாலைக் கண்டவர்கள் சரியான இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

வன்னிக் காட்டு அழுங்கைப் பாருங்கள். உடலெல்லாம் செதில், பாம்பின் உறவு என்று தோன்றும். செதிலுக்கு இடையிலும் வயிற்றிலும் உரோமம் இருக்கிறது, குட்டிக்குப் பாலூட்டுகிறது. முலையூட்டியே. அந்தச் செதிலில் மருந்து இருப்பதாக நம்பி உலகெங்கும் கடத்துகிறார்கள். அது நம் நகத்தின் பொருளேதான். 2016இல் உலக நாடுகள் கூடி அழுங்கு இனங்கள் அனைத்தின் சர்வதேச வியாபாரத்தையும் தடை செய்ய முடிவெடுத்தன.

பெயர் மாறினால்?

மன்னார் வளைகுடாவிலும் பாக்கு நீரிணையிலும் ஆவுளியா என்றொரு பெரிய கடலுயிர் உண்டு. கடற்பசு என்பார்கள், சிலர் கடற்பன்றி என்றும் சொல்வார்கள். மீன் என்று நினைத்துச் சாப்பிட்டவர்களும் உண்டு. ‘பன்றி’ என்ற பெயரைக் கேட்டு முகம் சுளித்தவர்களும் உண்டு. அமைப்பு என்ன சொல்கிறது? செவுள் இல்லை, சில நிமிடங்களுக்கு ஒரு முறை மேலே வந்து மூச்சு விடுகிறது. கடற்புல் தின்கிறது. துடுப்பின் அடியில் உள்ள காம்பால் குட்டிக்குப் பாலூட்டுகிறது. ஆகவே மீனல்ல, முலையூட்டி. பன்றிக்கும் அதற்கும் நெருங்கிய உறவு எதுவும் கிடையாது. இன்று வாழும் விலங்குகளில் அதற்கு மிக நெருங்கிய சொந்தங்களில் ஒன்று எது தெரியுமா? நம் காட்டில் நிற்கும் யானை! அரபியிலும் ‘கடல் பன்றி’ என்ற பெயருள்ள கடலுயிர் பற்றி முற்கால ஃபிக்ஹ் அறிஞர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். பெயரா, இனமா என்ற கேள்வி அவர்களுக்கும் வந்தது. எப்படியாயினும் ஆவுளியா அருகி வருகிறது. அதைப் பிடிப்பது சட்டப்படி குற்றம். தமிழ்நாடு அரசு 2022இல் பாக்கு விரிகுடாவில் 448 சதுர கிலோமீற்றர் பரப்பை அதற்கென்றே ஒதுக்கியிருக்கிறது.

இதை விட நமக்கு நெருக்கமானது உடும்பு. மைமூனா (ரலி) அவர்களின் வீட்டில் பொரித்த ‘ளப்பு’ வைக்கப்பட்டது; நபி (ஸல்) அவர்கள் தமது ஊரில் பழக்கமில்லாதது என்று சாப்பிடவில்லை; காலித் பின் வலீத் (ரலி) அவர்கள் சாப்பிட்டார்கள். இந்த ஹதீஸைத் தமிழில் பெயர்த்தவர்கள் ‘ளப்பு’ என்பதற்கு ‘உடும்பு’ என்று எழுதினார்கள். தமிழில் வேறு சொல் இல்லாததால் அப்படி நேர்ந்தது. அதைப் படித்து விட்டு, “உடும்பு ஸஹாபாக்கள் சாப்பிட்டதுதானே” என்று சொல்பவர்களைக் கேட்டிருப்பீர்கள்.

‘ளப்பு’ என்பது பாலைவனத்து முள்வால் பல்லி. வாலில் முள் வளையங்கள். பெரும்பாலும் இலை தழை தின்னும். நம் வேலி ஓணானின் குடும்பம். இதன் உறவினம் ஒன்று ராஜஸ்தானிலும் கட்ச் பகுதியிலும் உண்டு, இலங்கையில் இல்லை. நம் உடும்போ பிளவுபட்ட நாக்குடையது. முட்டை, தவளை, பூச்சி, சில வேளை செத்த பிராணி என்று தின்னும் மாமிச உண்ணி. அதற்கு அரபியில் ‘வரல்’ என்று தனிப் பெயர் உண்டு. உடும்பின் ‘வரானஸ்’ என்ற விஞ்ஞானப் பெயரே அந்த அரபுச் சொல்லிலிருந்து பிறந்ததுதான். இமாம் தமீரியின் நூலிலும் இவை இரண்டும் தனித்தனித் தலைப்புகளில் இடம்பெறுகின்றன. உடும்பைப் பற்றிய மார்க்கச் சட்டத்தை ஆலிம்களிடம் கேட்டுத் தெரிந்து கொள்ளுங்கள். ஆனால் கேட்கும்போது ‘ளப்பு’ வேறு, உடும்பு வேறு என்று தெரிந்து கேளுங்கள். வனசீவராசிகள் சட்டம் உடும்பைப் பாதுகாக்கிறது என்பதையும் வீட்டிலுள்ள ஆண்களுக்குச் சொல்லுங்கள்.

வீட்டில் செய்து பாருங்கள்

பிள்ளைக்கு நீண்ட பட்டியல் வேண்டாம். ஓர் உயிரைக் கண்டால் இவ்வரிசையில் கேட்கப் பழக்குங்கள். முள்ளந்தண்டு உண்டா? இல்லையென்றால், மூட்டுள்ள கால் உண்டா, வளைய உடலா, ஓடுள்ள மென்னுடலா? முள்ளந்தண்டு உண்டென்றால், மேலே போர்த்தியிருப்பது என்ன? செவுளோடு செட்டை என்றால் மீன். ஈரத் தோல் என்றால் ஈரூடகவாழி. உலர்ந்த செதில் என்றால் பெரும்பாலும் நகருயிர். அழுங்கு போன்ற ஒன்றை மட்டும் பாலும் உரோமமும் காட்டிக் கொடுக்கும். இறகு என்றால் பறவை. உரோமமும் தாய்ப்பாலும் என்றால் முலையூட்டி.

மீன் வெட்டும்போது பிள்ளையை அருகில் இருத்திச் செவுளையும் முள்ளந்தண்டையும் காட்டுங்கள். இறாலைத் துப்புரவு செய்யும்போது கால்களை எண்ணச் சொல்லுங்கள். கோழி உரிக்கும்போது ஓர் இறகைக் கையில் கொடுங்கள். உயிருள்ள எதையும் இதற்காகப் பிடித்து வதைக்க வேண்டியதில்லை. குசினிக்கு வருவதே போதும்.

வயிற்றால் ஊர்வதும், இரு காலால் நடப்பதும், நான்கு காலால் நடப்பதும் உண்டென்று அந்நூர் அத்தியாயத்தின் 45ஆவது வசனம் படைப்புகளை வகைப்படுத்தி நினைவூட்டுகிறது. ஊர்வதையும் நடப்பதையும் நின்று கவனிக்கச் சொல்லும் வேதத்தை ஓதுகிற வீட்டில், “போய்ப் படியுங்க” என்று பிள்ளையைத் துரத்தாமல், “வாங்க மகன், அதுக்கு இறகு இருக்கா என்று பார்ப்போம்” என்று சொல்கிற உம்மாமார் பெருக வேண்டும். காடு மறந்து போன ஒரு தலைமுறைக்கு அதைத் திருப்பிக் கற்பிக்க உங்களை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?